லென்ஸ் மாமா

மயிலாப்பூரில் ஒரு பிள்ளை கேமரா வேண்டும் என்று வாயைத் திறந்தால், அது அப்பா காதுக்குப் போவதற்கு முன் லென்ஸ் மாமா காதுக்குப் போய்விடும். மூன்றாவது மாடியில் பேசியது இஸ்திரி வண்டிக்காரர் வழியாகவோ, குடியிருப்போர் சங்க வாட்ஸப் குழு வழியாகவோ கீழே இறங்கிவிடுகிறது. அன்று சாயங்காலமே வாசல் மணி அடிக்கும். வேட்டி, அரைக்கைச் சட்டை, கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, கக்கத்தில் ஒரு பழைய டைரி.

"பொண்ணு பத்தாவதுல நல்ல மார்க்காமே, கேமரா கேக்கறாளாமே. அவசரப்பட்டு எதையும் வாங்கிடாதீங்கோ."

இப்படி ஒருவர் அநேகமாக ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பாங்கில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆகியிருப்பார். மகன் நியூ ஜெர்சியில் இருப்பான், வரும்போதெல்லாம் ஒரு லென்ஸ் வாங்கி வருவான். மாமாவிடம் ஃபுல் ஃப்ரேம் கேமரா இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்றால், அரிசி கொட்டிவைக்கும் பெரிய ஏர்டைட் டப்பாவில், சிலிக்கா ஜெல் மூட்டைகளுக்கு நடுவே. சென்னை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதில் மாமாவுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை, அது உண்மையும்தான். சிலிக்கா ஜெல் நீலமாக இருந்தால் நல்லது. ஈரம் குடித்தால் வெளிறிய ரோஸ் ஆகிவிடும். அப்போது அதை வாணலியில் போட்டு மறுபடி நீலமாகும்வரை வறுக்க வேண்டும். அந்த வாணலியை மாமி சமையலிலிருந்து நிரந்தரமாக விலக்கி, பரணில் தனியாக வைத்துவிட்டாள். சிலிக்கா ஜெல் வறுபடுகிற அளவுக்கு அந்த கேமரா வெளியே வருவதில்லை. வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரே நல்ல படம், பேத்தி ஊஞ்சலில் சிரிப்பது. அது மாமி போனில் எடுத்தது. அந்தப் பேச்சை மட்டும் அவரிடம் எடுக்கக் கூடாது.

வந்து உட்கார்ந்ததும் மாமா அந்தப் பெண்ணைக் கூப்பிடுவார்.

"என்னம்மா எடுக்கப் போறே?"

"தெரியலை மாமா. கண்ணுல படறதை எடுக்கணும்."

பதினைந்து வயதில் இதைவிட நேர்மையான பதில் கிடையாது. மொட்டை மாடிக் கொடியில் உட்கார்ந்த காக்கா, மார்கழி விடியற்காலையில் எதிர்வீட்டு அக்கா போடும் கோலம், தாத்தாவின் கை, எல்லாமே அவளுக்கு ஒன்றுதான். ஆனால் மாமாவுக்கு 'தெரியலை' என்பது பதில் இல்லை, கோடிட்ட இடம். டைரியைத் திறந்து நிரப்ப ஆரம்பிப்பார். கபாலி கோபுரம் 120 அடி, அதற்கு ஒரு வைட். பூச்சிக்கு ஒரு மேக்ரோ. பறவைக்கு ஒரு டெலி. முகத்துக்கு 85. எல்லாம் ஃபுல் ஃப்ரேம் லென்ஸாகவே வாங்கிவிட வேண்டும். "நாளைக்கு பாடியை மாத்தினாலும் லென்ஸ் நிக்கும் சார்!" கூட்டிப் பார்த்தால் தொகை காலேஜ் முதல் வருஷ ஃபீஸைத் தாண்டி நிற்கும். அப்பா நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்து உட்காருவார்.

லென்ஸ் நிற்கும் என்பது தப்பில்லை. நாளைக்கு அந்தப் பெண்ணும் கேமராவோடு நிற்பாளா, பாட்மின்டன் ராக்கெட்டைக் கேட்பாளா என்பதுதான் டைரியில் இல்லாத கணக்கு.

இவர் மயிலாப்பூர் வகை. தெற்கே போகப்போக இனம் மாறும். அடையாறு மாமா வேட்டி கட்டுவதில்லை. பச்சைத் தொப்பி, பத்துப் பாக்கெட் வைத்த சட்டை. பெசன்ட் நகர் கடற்கரையில் வாக்கிங் போகும்போதும் காட்டுக்குள் பதுங்கிப் போகிற நடைதான். உடைந்த பாலம் வரைக்கும் ஒரு கொக்கைத் தொடர்ந்துவிட்டு வருவார். அவரைப் பொறுத்தவரை 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்ப் பூநாரையை எடுக்காதவர் போட்டோகிராபரே இல்லை. அதற்கு அவர் சிபாரிசு செய்வது நிகானின் 200–500 லென்ஸ். எடை 2.3 கிலோ. ஏற்கெனவே புத்தக மூட்டையில் முதுகு வளைந்த பெண்ணுக்கு இதுவும் சேர்த்து. கடல் காற்றில் எடுத்துவிட்டு வந்தால் உப்பைத் துடைத்துவை என்று ஒரு வார்த்தை அவர் சொல்வார். அவர் பேச்சில் எடுத்துக்கொள்ள வேண்டியது அது.

தி.நகர் மாமாவுக்கு அபர்ச்சர், ஷட்டர் எல்லாம் அப்புறம். "என்ன விலைக்கு முடிச்சீங்க?" அதுதான் முதல் கேள்வி. புதிதாக வாங்குபவனை அவர் இரக்கத்தோடு பார்ப்பார். ரிட்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர், பர்மா பஜாரில் இன்னொருவர், பில் இல்லாமல், பாதி விலை. செகண்ட் ஹாண்ட் வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் மாமா மலிவாகக் கிடைத்ததென்று நிகான் டி3500 பாடியையும், பழைய ஏஎஃப்-டி வகை 50 எம்எம் லென்ஸையும் சேர்த்து முடித்துக்கொடுப்பார். அந்த பாடிக்குள் லென்ஸைத் திருப்பும் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸுக்குள்ளும் கிடையாது. வீட்டுக்கு வந்து மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. பெண் அரை மணி நேரம் ஷட்டரை அமுக்கிப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் எடுக்கத் தெரியவில்லை என்று மூலையில் வைத்துவிடுவாள். பழைய கேமரா வாங்குகிறவர்கள் ஷட்டர் எத்தனை ஆயிரம் தடவை ஓடியிருக்கிறது என்று மட்டும் கேட்கிறார்கள். இந்த லென்ஸ் இந்த உடம்பில் வேலை செய்யுமா என்பதைக் கடையிலேயே மாட்டிப் பார்ப்பது அதைவிட முக்கியம்.

சரி, மயிலாப்பூர் மாமாவிடமே திரும்புவோம். கடைசியில் எல்லோரும் கிளம்பிப் போகிற இடம் பாண்டி பஜார் பக்கம் ஒரு கேமரா கடை. ஏ.சி. குளிரில், கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு சேல்ஸ் தம்பி.

"பாப்பா யூட்யூப் சேனல் வெச்சிருக்கா சார்? இதுல வ்லாக் சூப்பரா வரும்."

"ஏம்பா, சென்சார் சைஸ் என்ன?" என்பார் மாமா.

தம்பி சொல்வான். மாமா அதைத் திருத்துவார். தம்பி போனில் கூகுள் பண்ணிக் காட்டுவான். மாமா அந்த இணையதளமே தப்பு என்பார். இந்த யுத்தம் நடக்கும்போது அந்தப் பெண் மேஜையில் இருந்த டிஸ்ப்ளே கேமராவைக் கையில் எடுத்து, வெளியே நடைபாதையில் பலூன் விற்பவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிடி அவள் கைக்குச் சரியாக இருக்கிறதா, பட்டனுக்கு விரல் எட்டுகிறதா என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். ஃப்ரீயாக வரும் பை, மெமரி கார்டு, ஆடுகிற ட்ரைபாட் ஆகியவற்றைப் பற்றி அப்பா கேட்பார். அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி.

"போன்ல பளிச்னு வருதே, இத்தனை காசு குடுத்து வாங்கறதுல ஏன் மங்கலா இருக்கு?"

அன்று அந்தக் கடையில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி இது. "அது கம்ப்யூட்டர் போடற கோலம்மா" என்று மாமா ஒதுக்கிவிடுவார். பாதி உண்மை. போன் ஒரே அமுக்கலில் பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, முகத்தைத் துடைத்துத் தருகிறது. கேமரா அந்த உபசாரமெல்லாம் செய்வதில்லை. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம், எதில் ஃபோகஸ் என்று எடுக்கிறவர் முடிவு செய்ய வேண்டும். முதல் மாதம் போன் படமே அழகாக இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவைக்காததால்தான் நிறைய வீடுகளில் கேமரா இரண்டாவது மாதத்தில் பீரோவுக்குப் போகிறது.

மாமாவின் நிஜமான வெறுப்பு கிட் லென்ஸ் மேல். பாடியோடு சேர்ந்து வரும் அந்த 18–55-ஐ அவர் கையில் தொடுவதுகூட இல்லை. "அது பிளாஸ்டிக். பாடி மட்டும் எடு, 50 எம்எம் 1.8 போடு, போதும்" என்பார். இங்கேதான் நான் மாமாவோடு சண்டைக்கு நிற்பேன். பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் அன்று அந்த 50-ஐ மாட்டிக்கொண்டு தெற்கு மாட வீதியில் நின்று பார்க்கட்டும். கேனானின் சின்ன சென்சாரில் 50 எம்எம் என்பது 80 எம்எம் போலப் பார்க்கும். பல்லக்கு முழுசாக ஃப்ரேமுக்குள் வர வேண்டுமென்றால் பின்னால் போக வேண்டும். பின்னால் நீர்மோர்ப் பந்தல். அதற்கும் பின்னால் சுவர். அந்த இடத்தில் 18-ல் விரிகிற பிளாஸ்டிக் லென்ஸ்தான் நாயன்மார்களைக் காப்பாற்றும். அதோடு எந்தத் தூரத்தில் தனக்கு மனசு நிற்கிறது என்பதைக் கற்றுத்தருவதும் அதுதான். ஆறு மாதம் எடுத்த படங்களைத் திறந்து, பெரும்பாலானவை 18-ல் எடுத்தவையா 55-ல் எடுத்தவையா என்று பார்த்தால் அடுத்த லென்ஸ் என்ன என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு படத்தின் தகவலிலும் அது பதிவாகியிருக்கிறது. டைரி தேவையில்லை.

அதற்காக 50-ஐக் குறைத்துச் சொல்லவில்லை. கிட் லென்ஸ் 55-க்குப் போகும்போது அதன் வாய் 5.6-க்குச் சுருங்கிவிடும். 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஸ்கூல் ஆண்டு விழா மேடை, அக்காவின் அரங்கேற்றம், மார்கழி இருட்டில் கோலம், இங்கெல்லாம் அதன் அருமை தெரியும். கேனானின் பழைய இஎஃப் வகை 50 எம்எம் அப்படியொன்றும் அதிக விலையும் இல்லை. இந்தப் பிறந்தநாளுக்கு கிட், அடுத்த பிறந்தநாளுக்கு அது. நடுவில் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா என்பதற்கு மாமா ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். நான் ஒரு வரியில் சொல்கிறேன். 2020-க்குப் பிறகு கேனானும் நிகானும் புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. புதிதாக வாங்கினால் மிரர்லெஸ், பட்ஜெட் கம்மி என்றால் நல்ல நிலையில் இருக்கும் பழைய டிஎஸ்எல்ஆர்.

ஆனால் மாமாவை வெறுக்க முடியாது. பேச்சைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் அக்ஃபா க்ளிக் III பற்றிச் சொல்வார். 120 ஃபிலிம், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை ரோலைத் தேரோட்டத்துக்காகவே சேர்த்துவைத்ததைச் சொல்வார். பன்னிரண்டில் ஒன்பது தேருக்கு, இரண்டு தங்கைக்கு, ஒன்று கை நடுங்கினால் என்று. வெளிநாட்டுக் கேமரா என்பது அந்நாளில் சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருப்பவர்கள் விஷயம். இந்தக் கதையைக் கேட்டால் டைரி புரிந்துவிடும். நம் வீட்டுப் பெண்ணை வைத்து மாமா மனசுக்குள் வாங்கிக்கொண்டிருப்பது, 1978-ல் தனக்குக் கிடைக்காமல் போன கேமராவை.

இத்தனைக்கும் அதே மயிலாப்பூரில், அன்றைய எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், ஒருவர் இருந்தார். மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் பிள்ளை. 1912-ல் பிறந்தவர். காட்டு யானையையும் மானையும் கடைசிவரை கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தார். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். 1970-ல் பத்மஸ்ரீ. அவர் கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ் என்று தானே ஒட்டுப்போட்டுக் கட்டியது. அந்தப் பூதத்துக்கு அவரே வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. மாமாவிடம் இதைச் சொன்னால், "அந்த லென்ஸோட மேக் என்னவாம்?" என்று கேட்பார்.

கேமரா வந்தபிறகு வருகிற கூட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அத்தை சீமந்தத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிடுவாள். "ஆளுக்குக் காசு குடுக்க வேண்டாம் பாரு, நம்மாத்துப் பொண்ணே எடுத்துடும்." பூங்கா வாட்ச்மேன் போனில் எடுப்பவர்களை விட்டுவிட்டு இவளிடம் மட்டும் வந்து, "ஷூட்டிங்கா? பர்மிஷன் லெட்டர் இருக்கா?" என்பார். ஃப்ளாட் செகரட்டரிக்கு ஐ.டி. கார்டு போட்டோ வேண்டும். இதையெல்லாம் தாண்டி அவள் காக்காவை எடுக்க நேரம் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடைக்கு மாமாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய லென்ஸை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, உள்ளே டார்ச் அடித்து, பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று பார்க்க அவரை விட்டால் ஆளில்லை. பேரத்திலும் ஓர் ஆயிரம் ரூபாயாவது குறைத்துக் கொடுப்பார். கேமராவைப் பெண் கையில் கொடுத்து அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பில் போடுகிற பத்து நிமிஷம் மட்டும் மாமாவை எதிர் ஓட்டலுக்கு ஒரு காபி சாப்பிட அனுப்பிவிடுங்கள். காபிக்கு நீங்களே காசு கொடுங்கள், மேக்ரோ லென்ஸைவிட அது மலிவு.