நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி

கலகக்காரர்களின் வாழ்க்கையை எழுதுகிறவன் எப்படி இருப்பான் என்று உங்கள் மனசில் ஒரு படம் இருக்கும். தாடி, கலைந்த தலை, ஜோல்னாப் பை. என்னிடம் ஜோல்னாப் பை மட்டும் உண்டு. அதற்குள் மடக்குக் குடை, பிபி மாத்திரை, வீட்டுச் சாவி.

ஒரு சிற்றிதழில் தொடர் கேட்டார்கள். அமெரிக்க பீட் தலைமுறை எழுத்தாளர்கள், அறுபதுகளின் பாடகர்கள், கல்கத்தாவின் பசித்த தலைமுறைக் கவிஞர்கள் என்று மாதம் ஒருவர். சன்மானம் கிடையாது, இதழ் இரண்டு பிரதி இலவசம். நான் சரியென்று சொன்ன வேகத்தில் ஆசிரியருக்கே சந்தேகம் வந்துவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

முதல் மாதம் ஜாக் கெருவாக். 1951 ஏப்ரலில் காகிதங்களை நீளவாக்கில் ஒட்டிச் சுருளாக்கி, டைப்ரைட்டரில் மாட்டி, பத்தி கூடப் பிரிக்காமல் மூன்றே வாரத்தில் 'ஆன் த ரோட்' நாவலை அடித்து முடித்தார் என்று எங்கேயோ படித்தேன். சுருளின் நீளம் 120 அடி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திருத்தி எழுதுவது கோழைகளின் வேலை என்று அன்றைக்கே முடிவுகட்டி, கட்டுரையை ஒரே ராத்திரியில் எழுதி, திரும்பிப் பார்க்காமல் அனுப்பினேன். அதில் கெருவாக் முதல் பத்தியில் 1922இலும் நாலாவது பத்தியில் 1932இலும் பிறந்திருந்தார். இரண்டு பேரும் அண்ணன் தம்பியா என்று கேட்டு வாசகர் ஒருவர் கார்டு போட்டார்.

அப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். மனிதர் அந்த மூன்று வாரத்துக்கு முன்னால் சில வருஷங்கள் நோட்டு நோட்டாகக் குறிப்பெழுதியிருக்கிறார். சுருள் முடிந்த பிறகும் திருத்தம், வெட்டு, ஒட்டு எல்லாம் ஆகிப் புத்தகம் வந்தது 1957இல். இந்த விஷயத்தை எனக்கு யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தார்கள், நான் படித்த அதே புத்தகத்தில், அடுத்த பக்கத்தில்.

ஆனால் அதற்குள் நான் ஒரு சுருளே வாங்கிவிட்டேன். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட பழைய கம்ப்யூட்டர் பேப்பர், எடைக்கு. என் நாவலை அதில் பேனாவால் ஆரம்பித்தேன். ஒன்பது அடி போயிருக்கும், கை வலித்தது. மூன்று நாள் லீவு விட்டேன்.

கெருவாக்கின் சுருளில் கடைசிப் பகுதியை நண்பர் வீட்டு நாய் கடித்துத் தின்றுவிட்டதாம். அவரே அதில் அப்படிக் குறித்து வைத்திருக்கிறார். என் சுருளை அம்மா மொட்டை மாடியில் விரித்து ஜவ்வரிசி வடாம் பிழிந்துவிட்டார். நாய் தின்றது போக மீதி 2001இல் 24 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. என்னுடையதை எண்ணெயில் பொரித்தோம். லேசாக இங்க் வாசனை அடித்தது.

"நல்ல பேப்பருடா, ஒட்டவே இல்லை" என்றார் அம்மா. என் எழுத்துக்கு வந்த முதல் விமர்சனம் அது.

அதே கட்டுரையில் இன்னொரு கூத்தும் உண்டு. 'ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அமெரிக்காவையே அளந்த கலைஞன்' என்று கெருவாக்கை வர்ணித்திருந்தேன். பெரும்பாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் நண்பர் நீல் கஸாடி. கெருவாக்குக்குக் கார் ஓட்டுவதில் ஆசையும் கிடையாது, சாமர்த்தியமும் கிடையாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். ஊர் சுற்றி முடித்ததும் அம்மா வீட்டுக்குத் திரும்பினார். இது தெரிந்த அன்றைக்கு நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் ரொம்ப நிம்மதியாக இருந்தது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னபோது மூன்று போட்டுவிட்டு வந்தவன் நான். நானும் அம்மாவோடுதான் இருக்கிறேன். நாவல் ஒன்றுதான் பாக்கி.

இரண்டாம் மாதம் பாப் டிலன். சின்ன வயசில் வீட்டை விட்டு ஓடி, திருவிழாக் கூட்டங்களோடு ஊர் ஊராக அலைந்தவர் என்று உருகி உருகி எழுதினேன். ஆரம்ப காலப் பேட்டிகளில் அவரே விட்ட கதை அது. மினசோட்டாவின் ஹிப்பிங் ஊரில் ஃபர்னிச்சரும் மின்சாமானும் விற்ற கடைக்காரரின் மகன். நியூஸ்வீக் பத்திரிகை 1963லேயே குட்டை உடைத்துவிட்டது. உடைந்ததை அறுபது வருஷம் கழித்து நான் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

மூன்றாம் மாதம் ரோட்ரிக்ஸ். 'சர்ச்சிங் ஃபார் சுகர்மேன்' ஆவணப்படத்தைப் பார்த்து அழுதுகொண்டே எழுதினேன். தென்னாப்பிரிக்காவில் கொண்டாடப்பட்டது தெரியாமல் டெட்ராய்ட்டில் கூலி வேலை செய்த பாடகர். அந்த ஒரு நாட்டைத் தவிர உலகமே அவரைக் கைவிட்டது என்று முடித்தேன். அவர் 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவில் கச்சேரி செய்திருக்கிறார். படம் எடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிதான் அழுதிருப்பேன்.

ஆசிரியர் போன் பண்ணினார். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளத் தெரியாது. "சார், அடுத்த மாசம் யாராவது நேர்ல போய்ப் பேசக் கூடியவங்களா எழுதுங்களேன். தப்பா இருந்தா அவங்களே சொல்லிடுவாங்க" என்றார்.

சுருக்கென்றது, ஆனால் நியாயம். முறையாக வாழ்க்கை எழுதியவர்கள் அப்படித்தானே செய்திருக்கிறார்கள்? ஆன் சார்ட்டர்ஸ் என்கிற அம்மையார் 1966இல் கெருவாக் வீட்டுக்கே போய், உட்கார்ந்து அவருடைய நூல்பட்டியலைத் தயாரித்தவர். வாழ்க்கை வரலாறு 1973இல்தான் வந்தது. பாரி கிஃபோர்டும் லாரன்ஸ் லீயும் கெருவாக்கைத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசவைத்து, அவர்கள் வாய்மொழியாகவே 1978இல் ஒரு புத்தகம் போட்டார்கள். ஆகவே நானும் போவேன், உட்காருவேன், கேட்பேன். ரெக்கார்டர்தான் போனிலேயே இருக்கிறதே.

கல்கத்தாவுக்கு டிக்கெட் போட்டேன். காளிகாட் தரிசனம், கரியாஹட்டில் புடவை என்று வீட்டில் சமாதானம் ஆயிற்று. புடவை பட்ஜெட்டை இந்தக் கட்டுரையில் எழுதக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அறுபதுகளில் அங்கே சிற்றிதழ்காரர்களோடு சுற்றிய ஒரு பெரியவர், நண்பரின் நண்பர் வழியாக, பேச ஒப்புக்கொண்டார். காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ். தலைப்பாகை விசிறி போல நிமிர்ந்து நிற்கும் பரிமாறுகிறவர்கள், அத்தனை மேஜையிலும் யாரோ யாரையோ மறுத்துக்கொண்டிருக்கிறார்கள். பால் இல்லாத காபிக்கு அங்கே இன்ஃப்யூஷன் என்று பெயர். இலக்கியவாதிகள் அதைத்தான் குடிப்பார்கள் என்று படித்திருந்ததால் நானும் அதையே கேட்டேன். கஷாயம். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரமாகப் பார்த்து, நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் பேசினோம். பில்லுக்கு நான் பர்ஸைத் தேடி முடிப்பதற்குள் அவரே கொடுத்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தியோடு லாட்ஜுக்கு வந்தேன். போனை எடுத்தேன். ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டதாம். உறவுக்காரர்கள் அனுப்பிய ரோஜாப்பூ குட் மார்னிங் படங்கள் 2,600 இருந்தன. பேட்டி நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி இருந்தது.

சரி, நாலு நிமிஷமாவது உண்டே என்று இயர்போன் மாட்டினேன்.

முதலில் ஸ்பூன் சத்தம். பிறகு என் குரல், என் இங்கிலீஷ்: "பர்ஸ்ட் ஐ வில் கிவ் யூ த பேக்ரவுண்ட்." அவருக்கு! பீட் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் இந்தியாவுக்கு வந்தார், அவரைப் பார்த்துத்தான் உங்கள் கவிஞர்களுக்குக் கலகம் செய்யத் தோன்றியது, பசித்த தலைமுறை பிறந்தது என்று விளக்குகிறேன். "நவம்பர், சிக்ஸ்ட்டி ஒன்" என்று தாழ்வான ஒரு குரல். "யெஸ் யெஸ், பட்..." என்று தாண்டிப் போகிறேன். அந்த இயக்கத்தின் முதல் அறிக்கை பாட்னாவிலிருந்து வந்தது 1961 நவம்பரில். கின்ஸ்பெர்க் இந்தியாவில் கால் வைத்ததே 1962இல். பிள்ளை பிறந்து நடக்கப் பழகின பிறகு வந்தவரை நான் அப்பாவாக்கிக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டேனா? 'முகமூடியைக் கழற்றுங்கள்' என்று அதிகாரிகளுக்குக் காகித முகமூடி அனுப்பிய கதை. அந்தக் கவிஞர்களில் ஒருவரான மலய் ராய் சௌத்ரியை ஒரு கவிதைக்காக 1964இல் கைது செய்தது, அடுத்த வருஷம் 200 ரூபாய் அபராதம் விதித்தது, 1967இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. எல்லாவற்றையும், அந்தக் கூட்டத்தோடு காபி குடித்தவருக்கே, தொண்டை தழுதழுக்கச் சொல்கிறேன். கடைசியில் மூச்சு வாங்க நிறுத்துகிறேன். அவர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "ஆக்சுவலி, தட் நைட் ஐ வாஸ்..."

நாலு பன்னிரண்டு.

அந்த மாதம் தொடர் வெளிவரவில்லை. பக்கத்தை நிரப்ப ஒரு மொழிபெயர்ப்புக் கவிதை போட்டார்கள். நன்றாகவே இருந்தது.

நாலைந்து மாதம் கழித்து கல்கத்தாவிலிருந்து தபாலில் ஒரு மெல்லிய இதழ் வந்தது. முழுக்க வங்காளம். ஒரு பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டு, ஓரத்தில் பெரியவரின் கையெழுத்து. எங்கள் அபார்ட்மென்டில் மூன்றாம் மாடியில் ஒரு வங்காளித் தம்பி இருக்கிறான், ஐடி கம்பெனி. அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நின்றுகொண்டே படித்தான். முதல் பக்கத்தில் ஒரு தடவை சிரித்தான். இரண்டாம் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தான்.

"என்னப்பா எழுதியிருக்கார்?"

"மெட்ராஸ்லேர்ந்து வந்த ஒருத்தரைப் பத்தி சார். ரொம்ப நல்லா எழுதியிருக்கார். தேதி, டைம், எந்த டேபிள், எல்லாம் இருக்கு" என்றவன், தயங்கி, மறுபடி பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "நாலு ஸ்பூனா சார் போட்டீங்க?"