செடிக்கு எதுக்குலே ஏசி?

ஏலே மக்கா, செடி வாங்கியிருக்கியாம்லா? ஆன்லைன்லயாமே! பொட்டிக்குள்ள அட்டை, அட்டைக்குள்ள பஞ்சு, பஞ்சுக்குள்ள ஒத்தை இலை. வெலை ஆயிரத்தி ஐநூறாம். இலையில வெள்ளை வெள்ளையா திட்டு விழுந்திருக்குல்லா, அதுக்குத்தான் அந்த வெலையாம். முந்தியெல்லாம் இலை வெளுத்துப் போச்சுன்னா, சவம் சத்துக் கெட்டுப் போச்சுன்னு ஒரு கூடை எருவை அள்ளிப் போடுவோம். இப்ப வெளுத்ததுக்குத்தான் கிராக்கி. அந்த வெள்ளையில பச்சையம் கிடையாதுடே. பச்சை இருக்க எடந்தான் சமைக்கணும், வெள்ளை சும்மா உக்காந்து திங்கும். அதான் வளர மாட்டேங்குது. நீ என்னடான்னா உரம் காணலைன்னு பொலம்புத.

பேரு வேற வச்சிருக்கியாமே? நீதான் அதுக்கு அப்பாவாம். இருக்கட்டும். பெத்த அப்பனுக்கு பிரஷர் மாத்திரை எடுத்துக் குடுக்க மறந்து போவுது, செடிக்குத் தண்ணி ஊத்த மட்டும் போன்ல மணி அடிக்கு.

சரி, கோவிச்சுக்காத. செடி வளக்கது நல்ல காரியந்தான். வளக்க லெச்சணந்தான் சரியில்ல. இந்தச் செடியெல்லாம் எந்த ஊர்ச் சரக்குன்னு எப்பவாவது யோசிச்சியா? மணிபிளான்ட்டு தஹிதிக்குப் பக்கத்துல இருக்க மூரியாங்கிற தீவுல பொறந்தது. பாம்புச் செடின்னு ஒண்ணு வச்சிருக்கியே, அது மேற்கு ஆப்பிரிக்கா. ஓட்டை ஓட்டையா இலை விடுத மான்ஸ்டெரா மெக்சிகோவுல இருந்து பனாமா வரைக்கும் உள்ள காட்டுச் சரக்கு. அரிக்கா பாம் மடகாஸ்கர். இதுல ஒண்ணாவது பனி பெய்யுத ஊர்ல பொறந்ததா? வெள்ளைக்காரன் அதை வீட்டுக்குள்ள வச்சான்னா அதுக்குக் காரணம் இருக்கு. வெளிய வச்சா மார்கழியில செத்துப் போவும். லண்டன்ல வார்டுன்னு ஒரு டாக்டர் இருந்தாரு. 1829-ல அந்துப்பூச்சிக் கூடு ஒண்ணை மூடி போட்ட பாட்டில்ல போட்டு வச்சாரு. பூச்சி என்ன ஆச்சோ, உள்ள கிடந்த ஈர மண்ணுல பெரணிச் செடி தானா மொளைச்சு நின்னுச்சு. அந்த ஊர்ப் புகையில வெளிய வளராத செடி, பாட்டிலுக்குள்ள வளந்துட்டு. அதுல இருந்துதான் கண்ணாடிப் பொட்டிச் செடி மோகமே கெளம்புச்சு.

அவனுக்கு விதி. உனக்கு என்னலே வந்துச்சு? நீ இருக்கது பாளையங்கோட்டை. ஏசியை இருபதுல வச்சு, காத்துல இருக்க ஈரத்தையெல்லாம் குழாய் வழியா வெளிய சொட்ட விடுத. பொறவு இலை ஓரம் கருகுதுன்னு காத்தை ஈரமாக்க இன்னொரு மிசினு வாங்குத. காத்தைக் காயப்போட ஒரு மிசினு, நனைக்க ஒரு மிசினு. கரண்டு பில்லு மட்டும் நல்லா தழைச்சு வளரும்.

நாசாக்காரனே சொல்லிட்டானாம்லா, செடி வச்சா ரூமுக்குள்ள காத்து சுத்தமாவும்னு. சொன்னான், இல்லேங்கல. 1989-ல சொன்னது அது. எங்க வச்சுப் பாத்தான்? காத்துப் போவாம அடைச்ச சின்னப் பொட்டிக்குள்ள. பொறவு 2019-ல அமெரிக்காவுலயே ரெண்டு பேரு உக்காந்து பழைய ஆராய்ச்சி எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாத்தாவ. சன்னல் வழியா வாரபோற காத்து செய்யுத வேலையைச் செடி செய்யணும்னா, சதுர மீட்டருக்குப் பத்துல இருந்து ஆயிரம் செடி வரைக்கும் வைக்கணும்னு கணக்கு வந்துச்சு. ஆயிரம் செடியை வச்சா நீ எங்கலே படுப்ப? சன்னலைத் திறந்து விடு. தாமிரபரணிக் காத்து ஓசியிலதான வருது.

நம்ம பழைய வீட்டுல பட்டாசல், தார்சா, முற்றம்னு இருக்கும்லா? வெயில் நேரா விழாது, வெளிச்சம் நாள் பூரா இருக்கும். புறவாசல்ல அங்கணக்குழித் தண்ணி போய் விழுத எடத்துல ஒரு வாழை, அதுக்கடியில சேம்பு. மணிபிளான்ட்டுக்கும் சேம்புக்கும் ஒரே குடும்பந்தான். மான்ஸ்டெரா, சேனை, கருணை எல்லாம் பங்காளி. பெரிய மரத்துக்குக் கீழ, சூடும் ஈரமுமா இருக்க எடம் கேக்குத சாதி. உங்க ஆச்சி அந்த வாழை மூட்டுல வச்சிருந்த எடந்தான் அதுக்கு மெக்சிகோ. நீ அதைத் தூக்கி, இருட்டு ரூமுல அலமாரி மேல டிவிக்குப் பக்கத்துல வைக்க. கேட்டா, குறைஞ்ச வெளிச்சம் போதும்னு போட்டிருக்குங்க. போதும்னா சாவாம கிடக்கும்னு அர்த்தம். ரெண்டு வேளையும் கஞ்சி ஊத்துனா நீயும் சாவாமத்தான் இருப்ப.

ஒட்டாத பேச்சுன்னு நினைக்காத, பங்காளிங்கிறதுல ஒரு காரியம் இருக்கு. சேம்பு நறுக்குனா கை அரிக்கும்லா? உள்ள ஊசி ஊசியா ஆக்சலேட்டுப் படிகம் இருக்கு, அது குத்துது. அதான் ஆச்சி புளி ஊத்தி வேகவைப்பா. அதே ஊசி உன் மணிபிளான்ட்டுலயும் இருக்கு. தவழுத பிள்ளை இருக்க வீட்டுல தரையோட வைக்காத. கடிச்சா வாயெல்லாம் வீங்கிப் போவும்.

இனி கிளை வச்சுப் பெருக்குத கதைக்கு வாரேன். அதுக்கு என்னென்னமோ பண்ணுதியாம்லா. பட்டைப் பொடி, தேன், கத்தாழைச் சோறு. லேகியம் கிண்டுதியா, செடி வைக்கியா? ஒரு நா பஸ் ஏறி ஆத்தூருக்குப் போயிட்டு வா. நம்ம ஆறு கடலுக்குப் போற வழியில இருக்க ஊரு. 2023-ல அந்த ஊரு வெத்தலைக்குப் புவிசார் குறியீடே குடுத்துட்டாவ. அங்க கொடிக்கால்காரனுக்கு எந்தப் பொடியும் தெரியாது. மொதல்ல அகத்தியை வெதைச்சு வளர விடுவான். அது நெழலுக்கும் ஆச்சு, கொடி ஏறுததுக்கும் ஆச்சு. பொறவு முத்துன கொடியில நாலஞ்சு கணு இருக்கத பாத்து நறுக்கி, அகத்தி மூட்டுல ரெண்டு கணு மண்ணுக்குள்ள போறாப்புல வைப்பான். ஏறுத கொடியை நாரால பைய அணைச்சுக் கட்டுவான். எறுக்கிக் கட்ட மாட்டான். ஊடால ஓடுத வாய்க்கால்ல இருந்து தண்ணி.

வித்தை அவ்வளவுதான், கேட்டியா. எல்லாம் கணுவுலதான் இருக்கு. மணிபிளான்ட்டுக் கொடியைக் கையில எடுத்து வெளிச்சத்துல பாரு. இலைக்காம்பு கொடியில சேருத எடத்துக்கு எதுத்தாப்புல, தவிட்டு நெறத்துல ஒரு பரு துருத்திக்கிட்டு நிக்கும். அதான் வேரு. அதுக்கு ஒரு விரக்கடை கீழ கத்தியை வையி. கணு இல்லாம வெறும் இலையை மட்டும் கிள்ளித் தண்ணியில போட்டா, பச்சையா நாளு கணக்குல நிக்கும், சில நேரம் வேரு கூட விடும், ஆனா குருத்து வராது. நீ மாசக்கணக்கா அதைப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். வெட்டுனதைத் தண்ணியில போடு. வேரு ரெண்டு விரக்கடை நீண்டதும் மண்ணுக்கு மாத்து. தண்ணியிலயே ரொம்ப நாளு கிடந்த வேருக்கு மண்ணு சேராது.

மணிபிளான்ட்டைத் திருடி வச்சாத்தான் பணம் சேரும்னு ஒரு பேச்சு இருக்குல்லா? அதுல பணம் வருதோ இல்லையோ, ஒரு உண்மை இருக்கு. அந்தக் கொடி பூக்குததே அபூர்வம். பூக்கத் தேவையான சாறு ஒண்ணை அதால உண்டாக்க முடியலேன்னு 2016-ல கண்டுபிடிச்சிருக்காவ, மரபணுவுலயே கோளாறு. பூ இல்லேன்னா விதை ஏது? உங்க தெருவுல எல்லா வீட்டுலயும் தொங்குததும் ஒருத்தன்கிட்ட இருந்து ஒருத்தன் ஒடிச்சதுதான். கேட்டு ஒடிச்சா தானம், கேக்காம ஒடிச்சா ராசி. நீதான் துட்டு குடுத்து வாங்குன ஒரே ஆளு.

பாம்புச் செடியில ஒரு சூதானம் வேணும். ஓரத்துல மஞ்சக் கரை இருக்க ரகம்லா உன்கிட்ட இருக்கது? அதை இலையைத் துண்டு போட்டு நட்டா மொளைக்கும், ஆனா கரை போயிரும். வெறும் பச்சையாத்தான் குட்டி வரும். கடைக்காரன் ஏமாத்திட்டான்னு அவன்கூட மல்லுக்கு நிக்காத. கரை வேணும்னா மண்ணுக்குள்ள இருக்க கிழங்கோட சேத்துப் பிரிச்சு நடணும், வாழைக்கன்னு பிரிக்கோம்லா, அந்தக் கணக்கு. அதோட நாட்டுப் பங்காளி ஒண்ணு நம்ம வேலியோரம் கிடக்கு, மருளுன்னு சொல்லுவோம். அந்தக் காலத்துல அதுல நாரு எடுத்து வில்லுக்கு நாண் திரிச்சிருக்காவ. வில்லுக்கு நாணா நின்னதுக்கு ஸ்பிரே பாட்டில்ல தண்ணி அடிக்கியே, அதுக்கே வெக்கமா இருக்கும்.

இலையை மட்டும் வச்சு வம்சம் பெருக்கணும்னு ஆசையா இருந்தா ரணகள்ளி வையி. கட்டிப்போட்டா குட்டி போடும்னு சொல்லுவாவளே, அது. இலையைப் பிச்சு எங்கயாவது போட்டாப் போதும், ஓரத்துல பல்லு பல்லா குட்டி வரும். அதுவும் மடகாஸ்கர்ச் சரக்குதான். ஆனா நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைக நோட்டுக்குள்ள வச்சு வளத்ததுனால அதுக்கு வெலை இல்லாமப் போச்சு.

உன் வீட்டுல செடி சாவுததுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணுதான். தண்ணி. தண்ணி இல்லாம இல்ல, நீ ஊத்தி ஊத்திக் கொல்லுத. வேருக்கும் மூச்சு விடணும்டே. மண்ணு சொதசொதன்னு கிடந்தா காத்து போவ எடம் ஏது? அழுகிரும். அழுகுன வேரு தண்ணி எடுக்காது, இலை தொங்கும். இலை தொங்குன உடனே நீ இன்னும் ஒரு சொம்பு ஊத்துவ. இசட்இசட்னு ஒண்ணு வச்சிருக்கியே, அதை மண்ணைத் தோண்டிப் பாரு, உருளைக்கிழங்காட்டம் கிழங்கு இருக்கும். அதுக்குள்ள தண்ணி சேத்து வச்சிருக்கு. அது போய் உன்கிட்ட தண்ணி கேட்டுச்சா? விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள்ள விட்டுப் பாரு. ஈரம் ஒட்டுனா சும்மா இரு. இதுக்கு ஈரம் பாக்க மீட்டர் வாங்குனியாமே. விரலை எங்க அடகு வச்ச?

தொட்டியும் அப்படித்தான். பளபளன்னு பீங்கான், அடியில ஓட்டை கிடையாது. ஓட்டை போட்டா அழகு போயிருமாம். காருக்குறிச்சியில போயி மண்சட்டி வாங்கி அடியில ஓட்டை போட்டுக் கேளு. சட்டி சுவரு வழியாவே ஈரம் கசியும், வேருக்குக் காத்து கெடைக்கும். மண்ணுக்கு செம்மண்ணு, மக்கிப்போன சாணி, தேங்காநார்க் கழிவு. நார்க்கழிவைக் கோகோபீட்டுன்னு கட்டி போட்டு, வெளிநாட்டு எழுத்து அச்சடிச்சு வித்தா நீ வாங்குவ. கயிறு திரிக்க எடத்துல குவிஞ்சு கிடக்கும், கேட்டா அள்ளிட்டுப் போன்னு சொல்லுவான். அலசாமப் போடாத, உப்பு இருக்கும். ரெண்டு மூணு தண்ணியில ஊறவச்சுப் பிழிஞ்சு போடு. ஆத்து மணலும் கலந்தா நல்லதுதான், ஆனா ஆத்து மணல் கதையைப் பேச ஆரம்பிச்சா நமக்கு ராத்திரி ஆயிரும்.

நம்ம ஊருல காலம் பாக்காம கிளை வைக்கக் கூடாது. ஆனி ஆடியில தென்காசி, குத்தாலத்துல சாரல் விழும், அங்க குச்சியை ஊனுனாலும் தழைக்கும். அதே காத்து மலையில ஈரத்தைக் கொட்டிட்டு நம்ம பக்கம் வரும்போது வறட்டுக் காத்தால்லா வருது. கயத்தாத்துல காத்தாடி சுத்துதே, அந்தக் காத்து. மாடியில வச்ச இலையெல்லாம் கிழிஞ்சு ஓரம் கருகிரும். குத்தாலத்துக்காரன் வீடியோ போட்டான்னு நீ ஆடியில கிளை வச்சா காஞ்ச குச்சிதான் மிஞ்சும். ஐப்பசி வரட்டும். பிசானத்துக்கு நாத்து பாவுத நேரம், வானம் மூடிக்கிட்டு நசநசன்னு கிடக்கும். அப்ப வையி.

பாட்டில்ல வச்ச மணிபிளான்ட்டுத் தண்ணியை வாரத்துக்கு ஒருக்கா கொட்டிட்டு மாத்து. டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணிதான் பிரியம், வாரம் பத்து நாளுல புழு கொசுவாயிரும். கார்ப்பரேசன்ல இருந்து டார்ச்சு அடிச்சுப் பாக்க வாரவுகளுக்கு, இது செடி இல்ல, என் பிள்ளைன்னு சொன்னாலும் அபராதம் அபராதந்தான்.

மாவுப்பூச்சி வந்தா அலறாத. ஈரத்துணியால தொடைச்சு, வேப்பெண்ணெயில கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து சாயங்காலமா அடி.

கடைசியா அந்த மான்ஸ்டெரா. பாசி சுத்துன கம்புன்னு எண்ணூறு ரூவாய்க்கு ஒண்ணு வாங்கி அதுல ஏத்தியிருக்க. ஏத்துனது சரி. இந்தச் சாதிக் கொடியெல்லாம் மேல ஏற ஏறத்தான் இலை பெருசாவும். தொங்க விட்டா சிறுத்துப் போவும். குத்தாலத்துப் பழைய பங்களா மரத்துல ஏறுன மணிபிளான்ட்டைப் பாத்திருக்கியா? ஒரு இலையில ரெண்டு பேரு சோறு திங்கலாம், ஓரமெல்லாம் கிழிஞ்சு நிக்கும். உன் வீட்டுல தொங்குததும் அதேதான்னு சொன்னா நம்ப மாட்ட. கம்புல தேங்காக் கயித்தைச் சுத்துனா அதுவும் பிடிச்சு ஏறும், எண்ணூறு ரூவா மிச்சம்.

ஓட்டை விழுந்த இலைக்கு மெக்சிகோ வரைக்கும் போவவும் வேண்டாம். நம்ம மேற்கு மலையிலயே மரத்துல ஒட்டி ஏறுத கொடி ஒண்ணு இருக்கு, அதுவும் இதுக்குப் பங்காளிதான், இலையில ஓட்டை விழும். உடனே பைக்கை எடுத்துக்கிட்டு முண்டந்துறைப் பக்கம் கெளம்பிராத. களக்காடு முண்டந்துறை 1988-லயே புலிகள் காப்பகமாயாச்சு, தமிழ்நாட்டுக்கே அதுதான் முதல்ல. அங்க ஒரு இலையைக் கிள்ளுனாலும் வனத்துறைக்காரன் உக்கார வச்சிருவான். ஜாமீன் எடுக்க ஆளு வேணும்னா, பேரு வச்சு வளக்கியே, அந்தச் செடிக்கே போன் அடிச்சுப் பாரு. என்னையக் கூப்பிடாத.