மூவீசம் பெரிதா, நாலு மா பெரிதா: ஒரு தாம்பாள விசாரணை

தீபாவளிக்குக் கிளறி இறக்கிய மைசூர்பாகுத் தாம்பாளத்தில் மூத்தவனுக்கு மூவீசம், இளையவனுக்கு நாலு மா என்று பாட்டி விதித்துவிட்டால், அநீதி இழைக்கப்பட்டவன் அவ்விருவருள் யார் என்னும் வினா, துவைத அத்வைத சர்ச்சைகளைப் போலத் தலைமுறை தலைமுறையாக வாதிக்கப்படாமல் போனதற்குக் காரணம், விஷயம் தெளிவாக இருந்தமை அன்று. தீர்ப்பு வருவதற்குள் தாம்பாளம் காலியாகிவிட்டமையே.

நாலு என்பது மூன்றினும் பெரிது, ஆகவே நாலு மாவே பெரிது என்பர் ஒரு சாரார். வீசம் பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, ஆகவே மூவீசமே பெரிது என்பர் மறுசாரார். முன்னவர் தொகுதியை மட்டும் கண்டார். பின்னவர் பகுதியை மட்டும் கண்டார். முன்னவருடைய விடை சரியே எனினும் அவருடைய தர்க்கம் சரியன்று. ஏனெனில் அத்தர்க்கத்தின்படி ஐந்து மா நாலு வீசத்தினும் பெரிதாக வேண்டும். உண்மையிலோ இரண்டுமே கால்தான். தப்பான வழியில் சரியான இடத்துக்கு வந்து சேர்பவரைத் திருத்துவதுபோல் கடினமான காரியம் உலகில் வேறில்லை.

இத்தகைய வழக்குகளுக்கென்றே பாஸ்கராசாரியர் 1150ஆம் ஆண்டில் இயற்றிய லீலாவதியில் சமச்சேத விதியை வகுத்தார்: ஒன்றன் பகுதியால் மற்றதன் தொகுதியையும் பகுதியையும் பெருக்கி, இரண்டையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவருக, அறிவுடையவனோ பகுதிகளைப் பொதுக் காரணியால் சுருக்கிக்கொண்டு பெருக்குக. முதல் வழியில் போனால் பதினாறும் இருபதும் பெருகி 320 ஆகும். அதில் ஒன்றே நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் உருப்போட்ட முந்திரி. மூவீசம் 60 முந்திரி, நாலு மா 64 முந்திரி. அறிவுடையவன் வழியில் போனாலோ 80 வரும்; அதில் ஒன்று காணி. மூவீசம் 15 காணி, நாலு மா 16 காணி. சாமானியன் முந்திரியிலும் புத்திமான் காணியிலும் போய் நிற்பதற்கு ஏற்றாற்போல இரண்டு படிகளையும் முன்கூட்டியே கட்டிவைத்த நம் கணக்கர்களின் தீர்க்கதரிசனத்தை என்னென்பது! எண்பது வில்லை போட்ட தாம்பாளத்தில் மூத்தவன் இழந்தது ஒரு வில்லை. ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாதிருக்க அது தாராளமாகப் போதும்.

இந்த மகத்தான ஏற்பாட்டுக்கும் ஓர் ஊனம் உண்டு. பங்காளிகள் மூவராகிவிட்டால், ஆளுக்கு 106 முந்திரி போக 2 முந்திரி மிஞ்சும். அதை முந்திரிக்கும் 320இல் ஒரு கூறாகிய கீழ்முந்திரியாக நறுக்கினால் ஆளுக்கு 213 போக ஒன்று மிஞ்சும். அதையும் அவ்வாறே நறுக்கினால் மறுபடி இரண்டு, பிறகு ஒன்று, இப்படியே பிரளயபரியந்தம் மாறி மாறி மிஞ்சிக்கொண்டிருக்கும். 192 பை கொண்ட பழைய ரூபாய் இவ்விஷயத்தில் உத்தமம். ஆளுக்கு ஐந்தணா நாலு பை என்று மூவருக்கும் பிசிறில்லாமல் பிரியும். ஐவர் வந்தால் அதுவும் விழிக்கும் என்பது வேறு கதை. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி அது நூறு நயா பைசாவாக அவதரித்ததும் ஐவர் சௌக்கியம் அடைந்தனர். மூவருக்கு நடுவில் ஒரு நயா பைசா அநாதையாயிற்று.

முந்திரியாயினும் பைசாவாயினும் மிச்சம் பங்கிட்டவரையே சாரும் என்பது பாட்டியின் பாஷ்யம். ஆட்சேபம் உள்ளவர் அடுத்த தீபாவளிக்குக் கரண்டியையும் கத்தியையும் தாமே எடுத்துக்கொள்ளலாம்.