மாப்ள, அந்த ஏரோப்ளேன முடிச்சுப்புடாத!

வாடா மாப்ள. டப்பாவப் பைய இறக்கு, களிமண்ணு ஈரம் பட்டுறப் போகுது. என்னா, ஏர்ஃபிக்ஸ் நேட்டா? எழுபத்திரெண்டுல ஒண்ணு சைசு? போன ஆடியில காட்டுன அதே டப்பாதானே! ரெக்கை ரெண்டும் இன்னும் பிளாஸ்டிக் காம்புலயே தொங்குது. நல்லா இருக்கு, அவசரப்படாத. ஒட்டி முடிச்சுப்புட்டா அப்புறம் ராப்பூரா எதப் பத்திப் பேசுவ?

உன் அத்தை கேக்குறா, இம்புட்டு வயசாச்சு, இன்னும் பொம்மைய வச்சுக்கிட்டுத் திரியுறானேன்னு. யாருகிட்ட வந்து கேக்குறா பாரு. விளாச்சேரியில பொம்மை செஞ்சே சோறு தின்னவன்கிட்ட! உன்னையச் சொன்னா எனக்கும் சேர்த்துத்தான். அதனால நான் உன் கட்சி. கட்சிக்காரன் சொல்றேன், கேளு.

நேட்டப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்க வேணாம். 65 பாகிஸ்தான் சண்டையப்ப டீக்கடை ரேடியோ முன்னாடி டவுசரோட நின்னவன் நான். செப்டம்பர் 3ஆம் தேதி ட்ரெவர் கீலர் ஒரு பாகிஸ்தான் சேபர் விமானத்த அடிச்சாருன்னு வீர் சக்ரா குடுத்தாய்ங்க. அண்ணன் டென்சிலுக்கும் அதே சண்டையில ஒரு வீர் சக்ரா. 71 டிசம்பர் 14ல ஸ்ரீநகர்ல நிர்மல் ஜித் சிங் சேகோன், ஓடுதளத்துல குண்டு விழுந்துக்கிட்டிருக்கும்போதே மேல ஏத்துனாரு. எதிர்ல ஆறு சேபரு. மனுசன் திரும்பல. விமானப்படையில பரம்வீர் சக்ரா வாங்குன ஒரே ஆளு அவருதான். அம்புட்டுப் பேரும் பறந்தது நேட்டுல. எல்லாரும் சண்டை விமானத்தப் பெருசு பெருசா செஞ்ச காலத்துல, இவ்வளவு போதும்டான்னு சின்னதாச் செஞ்சவரு பெட்டருங்குற இங்கிலீஸ்காரரு. 1955 சூலையில மொதல் தடவ பறந்துச்சு. நம்மாளுக லைசென்ஸ் வாங்கிப் பெங்களூரு எச்.ஏ.எல்.லயே கட்டுனாய்ங்க. தரையில நிக்கிறப்ப ஏணி வைக்காமலே மெக்கானிக் வேலை பாப்பானாம். எனக்குப் புடிச்ச சங்கதி அதுதான்.

இப்ப உன் டப்பாவுக்கு வருவோம். இதுல ரெண்டு சீட்டு இருக்கு. சேகோன் ஓட்டுனது ஒத்தைச் சீட்டு. பிரிட்டிஷ் விமானப்படை ஒத்தைச் சீட்டு நேட்ட எடுக்கல. பழக்குறதுக்கு ரெட்டைச் சீட்டத்தான் வாங்குச்சு. ரெட் ஆரோஸ் சாகசக்காரனும் 1965லருந்து 79 வரைக்கும் அதத்தான் ஓட்டுனான். அங்கிட்டுப் பிள்ளைக அண்ணாந்து பார்த்தது அதத்தான், டப்பாவுலயும் அதத்தான் போட்டுருக்கான். நீ என்னாங்குற? ஒரு சீட்ட அடைச்சு, ரெக்கைய வெட்டி, சேகோன் நேட்டா மாத்தப் போறேங்குற. நல்ல காரியம். அளந்து பாத்தியா? ரெட்டைக்கு ரெக்கை விரிப்பு 7.3 மீட்டர், ஒத்தைக்கு 6.7. எழுபத்திரெண்டால வகுத்தா ரெக்கைக்கு நாலு மில்லி வெட்டணும். வெட்டிப்புடலாம். ஆனா ரெக்கையோட பரப்பே வேற, வாலு பெருசு, ஒடம்பு நீளம். அம்புட்டையும் மாத்துனா டப்பாவுல மிச்சம் நிக்கிறது சக்கரம் மட்டும்தான். பிள்ளையார் அச்சுல முருகன எடுக்குறேன்னு எங்க தெருவுல எவனும் கெளம்புனது கெடையாதுப்பா. நீ ஏரோப்ளேன்காரன், உனக்கு நடக்கும்.

ஒத்தைச் சீட்டு நேட்ட இதே சைசுல செக் நாட்டுக்காரன் ஒருத்தன் போட்டிருக்கான். அத வாங்குனா வேலை முடிஞ்சுரும். அதனாலதான் உனக்கு அது புடிக்காது, தெரியும்.

சரி, கோவிக்காத. இந்தப் பழசையே வச்சு வேலை பாக்கணும்னா, மொதல்ல இத ஊத்துனவன் கஷ்டத்த நெனச்சுப் பாரு. ஏர்ஃபிக்ஸ் ஆரம்பத்துல ரப்பருல காத்தடிக்கிற பொம்மையும், பிளாஸ்டிக் சீப்புந்தான் செஞ்சுச்சு. சீப்பு ஊத்துன கையி அப்புறம் ஸ்பிட்ஃபயரு விமானம் ஊத்துச்சு. இரும்பு அச்சு. அச்சுல கோடு கீறுறது சுளுவு. அச்சுல பள்ளம்னா பொருள்ல மேடு. அதாம் பழைய டப்பாவுல தகட்டுக்குத் தகடு கோடெல்லாம் எலும்பு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. பொருள்ல பள்ளக்கோடு வேணும்னா அச்சுல மேட்ட விட்டுட்டுச் சுத்தி அம்புட்டையும் செதுக்கி எடுக்கணும். அந்த விலைக்கு எவன் செதுக்குவான்?

அப்புறம், காய்ச்சுன பிளாஸ்டிக்கு ஓடணும்னா வழி கனமா இருக்கணும். ரொம்ப மெல்லிசா விட்டா பாதியிலயே ஒறைஞ்சிரும். அச்சு ரெண்டாப் பிரியணும், அதனால உள்வளைவு வராது. குழாய்க்குள்ள குழி வராது. எங்க முருகனுக்கு வேல அச்சுல எடுக்காமத் தனியாக் கம்பியில சொருகுறது எதுக்குன்னு நெனச்ச? உன் டப்பாவுலயும் அச்சு தோத்த எடம் மூணுதான். மெல்லிசு வரல, குழி வரல, உள்ளுக்குள்ள இருக்குறது வரல. உன் கைய அங்க மட்டும் வையி. அச்சு ஜெயிச்ச எடத்துல போயி நோண்டாத.

ஆனா நீ அங்கதானே நோண்டுவ! மேட்டுக் கோட்ட எல்லாம் சொரண்டிட்டு ஊசியால பள்ளக்கோடு போடுறேன்னு உக்காந்திருக்க. எம்புட்டு அகலம் போட்ட? கால் மில்லியா? அம்புட்டு இருந்தாலே நெசத்துல ரெண்டு சென்டிமீட்டருக்குக் கிட்ட வருது. அந்தச் சந்துல பைலட்டு வெரல விட்டு நசுக்கிக்குவான்டா. உப்புக்காகிதம் 600 நம்பர நனைச்சு மேட்ட லேசா அமுக்கு. பெயிண்டுக்கு அடியில கோடு தெரிஞ்சும் தெரியாம நிக்கும். எட்டி நின்னு பாத்தா நெச விமானமும் அப்படித்தான்.

ரெக்கையோட பின் ஓரம் ஒரு மில்லி கனம் இருக்கு. பெருக்குனா ஏழு சென்டிமீட்டர். இத உள்பக்கமா இருந்து தேய்க்கணும், ஒட்டுறதுக்கு முந்தி. ஒட்டிப்புட்டு மேல இருந்து தேச்சா வடிவமே போயிரும். சக்கரக் கதவுந்தான் அப்படி. நேட்டுக்கு அந்தக் கதவுதான் வேகத்தக் கொறைக்கிற பிரேக்கும். பாதி தெறந்து காத்துல நிக்கிற தகடு. டப்பாக்காரன் குடுத்தது கோட்டைக் கதவு கணக்கா இருந்தா அது எப்படிப் பறக்கும்? தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வெட்டு.

பிளாஸ்டிக் ஷீட்டு கெடைக்கலைன்னு பெங்களூருக்கு ஆர்டரு போடுறேங்குற. போடு, வரட்டும். அதுவரைக்கும் அந்தத் தயிர் டப்பாவக் கழுவி வையி. உன் பசையில ஒரு சொட்டு விட்டுப் பாரு. தொட்ட எடம் எளகி ஒட்டுச்சுன்னா உன் கிட்டுக்கும் அதுக்கும் ஒரே சாதிப் பிளாஸ்டிக்கு. வழுக்கிக்கிட்டு ஓடுனா வேற, விட்டுரு. மேல கண்ணாடி மூடிக்குக் கேக்கு டப்பாவோட தெளிஞ்ச தகட்ட அனல்ல காட்டி, கட்டையில செதுக்குன அச்சு மேல அமுக்கு. கட்டையத் தகட்டுக் கனம் கொறைச்சுச் செதுக்கணும், மறந்துறாத. அத மறந்துட்டுத்தான் மூடி உக்கார மாட்டேங்குதுன்னு எல்லாப் பயலும் அழுகுறாய்ங்க.

சீட்டுப் பெல்ட்டுக்கு மாத்திரை அட்டையோட பின்பக்கத் தகடு. முக்கால் மில்லி அகலம் போதும், அதுக்கு மேல வெட்டுனா அது ஆளக் கட்டுற பெல்ட்டு இல்ல, ஜல்லிக்கட்டுக் காளையக் கட்டுற கயிறு. ஆபத்துல சீட்டோட வெளிய தாவத் தலைக்கு மேல இழுக்குற வளையத்துக்கு மோட்டாரு வைண்டிங் கடையில கழிச்சுப் போட்ட செப்புக் கம்பி. கறுப்பும் மஞ்சளுமா வரி போட்டுரு. வயரு, குழாயி எல்லாத்துக்கும் காம்பையே மெழுகுவத்தியில வாட்டி, தீயில இருந்து எடுத்துட்டு இழு. வெரசா இழுத்தா நூலு, பைய இழுத்தா குச்சி. தீக்குள்ளயே வச்சு இழுத்தா வீட்டுக்குள்ள கரும்புகை, அப்புறம் அத்தை வந்து என்னையத்தான் கேப்பா.

மருந்துக் கடையில ஊசி வாங்குனா ஒரு மாதிரிப் பாப்பாய்ங்க. ஏரோப்ளேனுக்குன்னு சொல்லு, இன்னும் ஒரு மாதிரிப் பாப்பாய்ங்க. வேகம் அளக்குற குழாய்க்கு ஊசியே போதும், முனைய அரத்துல தேச்சுச் சமமாக்கிக்க. என்னைக்காவது அந்த ஒத்தைச் சீட்ட வாங்குனா 22 நம்பர் ஊசியா வாங்கு. அதோட ஓட்டை 0.41 மில்லி. நேட்டோட ரெண்டு பீரங்கியும் 30 மில்லி. எழுபத்திரெண்டால வகுத்துப் பாரு. பயிற்சி நேட்டுக்குப் பீரங்கி கெடையாது, இதுல கொண்டுபோயி மாட்டித் தொலைச்சுறாத.

சந்து விழுந்த எடத்துக்குச் சூப்பர் க்ளூவும் ஆப்பச் சோடாவும். கல்லா இறுகுறதுக்குள்ள தேய்ச்சுரணும், டீ குடிச்சுட்டு வந்து தேய்க்கிறேன்னா அரம்தான் தேயும். மூஞ்சிக்குள்ள தூண்டில் ஈயக்குண்டு போட மறந்தா விமானம் வாலத் தரையில போட்டு உக்காந்துரும். ஸ்டிக்கரு மஞ்சப் பூத்துக் கெடக்கா? ஜன்னல் கண்ணாடியில ஒட்டி வெயில்ல விடு. எதுக்குப் பஞ்சம் வந்தாலும் மதுரையில வெயிலுக்குப் பஞ்சமில்ல. வெளுத்ததும் ஒரு பூச்சு வார்னிஷ் குடுத்துட்டுத் தண்ணியில போடு, இல்லாட்டி நூறு துண்டாப் பிரிஞ்சுரும்.

இம்புட்டும் செய்யி. ஆனா மூடிய ஒட்டிட்டா உள்ள வெளிச்சம் போகாது, அதனால வயத்துக்குள்ள இஞ்சினு செதுக்குறேன், பைலட்டு சேப்புல பேனா சொருகுறேன்னு கெளம்பாத. ரெண்டு சீட்டு, பெல்ட்டு, முன்னால கருவிப் பலகை, தீந்துச்சு. வயத்துல சக்கரக் குழிக்கு நாலு பட்டை ஒட்டு, கறுப்பு மைய ஊத்தித் தொடச்சு விடு. போதும். ரெட் ஆரோஸ் செவப்பு அடிச்சுரு, ரெட்டைச் சீட்டுக்கு அதுதான் அழகு. சேகோனுக்கு ஒரு ஒத்தைச் சீட்டு வாங்கிக்கலாம். காசு நான் தர்றேன், உன் அத்தைகிட்ட மட்டும் சொல்லிறாத.

அடுத்த ஆடிக்குள்ள முடிக்கலைன்னா டப்பாவ என் பேரன்கிட்டக் குடுத்துருவேன். ஒன்பது வயசுப் பய. ஒரு சாயங்காலத்துல ஒட்டிருவான், ரெக்கையத் தலைகீழா மாட்டினாலும்.