தரகரை மணவறையில் ஏத்தாதே!

ஏலே பேராண்டி, செம்மொழிப் பூங்காவுக்கா கிளம்பிட்ட? போ, போ. அங்க நடந்துக்கிட்டே காதை அடைச்சு, தியானச் செயலியில காட்டுப் பறவைச் சத்தம் கேக்குறியாமே! தலைக்கு மேல கத்துற குயிலு என்ன பாவம்லே செஞ்சுச்சு?

போனைத் தூக்கி எறியச் சொல்ற கெழவன் இல்ல நானு. அது கல்யாணத் தரகர். பொண்ணு வீட்டைக் காட்டிட்டுத் திண்ணையில உக்காந்து வெத்தலை போடணும். நீ அவரையே மணவறையில ஏத்தி வச்சிருக்க.

தெனம் 10,000 அடி நடக்கணும்னு யாருலே சொன்னா? 1965ல ஜப்பான்ல நடை எண்ணுற கருவியை விக்க வந்தவுக, அதுக்கு அந்தக் கணக்கையே பேரா வச்சாக. ஏவாரி வச்ச பேரு உனக்கு வேதவாக்காயிருச்சு. 9,900ல நின்னுட்டா வீட்டுக் கூடத்துல குறுக்கயும் நெடுக்கயும் அலையுற. அந்த நூறு அடியை விட்டுட்டு ஒரு மரத்தடியில சும்மா நின்னா குடியா முழுகிரும்?

இங்கிலாந்துல சுமார் 20,000 பேரை விசாரிச்சு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு. வாரத்துல 120 நிமிஷமாவது மரம் மட்டைக்கு நடுவுல இருந்தவுகள்ல, உடம்பும் மனசும் நல்லாருக்குன்னு சொன்னவுக கூடுதல். ஒரே மூச்சா இருந்தாலும் சரி, பிரிச்சுப் பிரிச்சு இருந்தாலும் சரி. ரீல்ஸ் பாத்த நேரத்தை மட்டும் நீயே நேர்மையாக் கழிச்சுக்கோ.

கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவைக்காரவுக சத்தத்தை வச்சே பறவை பேரைச் சொல்லுற மெர்லின்னு ஒரு செயலியை இலவசமாக் குடுக்குறாக. எங்கயோ 'டொக்... டொக்'னு விடாமக் கேக்கும். போனை நீட்டு. செம்மார்புக் குக்குறுவான்னு பேர் வந்துச்சா? இப்பப் போனை உள்ள வச்சிட்டு அண்ணாந்து பாரு. உச்சாணிக் கொம்புல ஒரு சின்னப் பச்சைக் குருவி, நெத்தியிலயும் நெஞ்சுலயும் செவப்பு. அலகைத் தொறக்காமலே கத்தும்; தொண்டை மட்டும் உப்பி உப்பி அடங்கும். வாயைத் தொறக்காம ஊரைக் கூட்டுற அந்த வித்தை உங்க அப்பத்தாவுக்குக்கூட வராது.

போன் சொன்னதை அப்படியே நம்பிராத. கரிச்சான் பொல்லாத பய. வல்லூறு கணக்காக் கத்தி மைனாவை வெரட்டிட்டு, அது பிடிச்ச இரையைத் தட்டிப் பறிச்சிரும். மைனாவே ஏமாறுது, போனு ஏமாறாதா? அதுக்குக் காது மட்டுந்தான். உனக்குக் கண்ணும் இருக்கு. ஓசியில கெடச்சதுன்னு ஒதுக்கி வச்சிருக்கியோ என்னவோ.

பொங்கல் சமயத்துல தமிழ்நாடு பூராப் பறவைக் கணக்கு எடுக்குறாக. 15 நிமிஷமாவது ஒரு எடத்துல நின்னு பாத்து, ஈபேர்டுங்குற பறவைப் பதிவுத் தளத்துல பதியணும். முதல்ல பாக்குறது, பெறகு பதியுறது. அந்த வரிசை மாறாட்டிப் போதும், போனும் பொழைச்சுப் போகும், நீயும் பொழைச்சுக்குவ.

பாத்ததை எனக்கும் சொல்லுலே. ஆனா வீடியோ கால் போட்டுராத. மரத்தைக் காட்டுறேன்னு ஒன் மூக்கைத்தான் காட்டுவ.