கிளிக் எண்ணுபவர்

மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களில் கிளிக் எண்ணுபவர் தனி ரகம். மற்றவர்கள் மலையிலிருந்து இறங்குவதற்காக சைக்கிள் வாங்குகிறார்கள். இவர் அதன் சஸ்பென்ஷனைத் திருகுவதற்காக வாங்குகிறார். இந்த ரகம் எல்லா நாட்டிலும் உண்டு என்றாலும், கனடாவில் வான்கூவருக்கு வடக்கே இருக்கும் நார்த் ஷோர் மலைகளில் நன்றாகச் செழிக்கிறது. ஃப்ரோம் மலையடிவாரத்தில், மவுண்டன் ஹைவே முடிகிற வண்டி நிறுத்தத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை போய் நின்றால் ஒருவராவது கண்ணில் படுவார். கூட வந்தவர்கள் பாதி மலை ஏறியிருப்பார்கள். இவர் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் காலடியில் மண்டியிட்டு, காதைச் சாய்த்து, அடியிலுள்ள சிவப்புத் திருகை ஒவ்வொரு கிளிக்காக எண்ணிச் சுற்றிக்கொண்டிருப்பார். உதடுகள் முணுமுணுக்கும். பிரார்த்தனை நடக்கிறது என்று நினைத்து சிலர் மரியாதையாக ஒதுங்கிப் போவதும் உண்டு.

இந்த ரகத்துக்கு வயது அதிகமில்லை. 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலையிலிருந்து உருட்டிவிட்டவர்களுக்கு முழங்கையும் முழங்காலும்தான் சஸ்பென்ஷன். திருகுவதற்கு ஒன்றுமில்லாததால் அவர்கள் ஓட்டினார்கள். 1989 வாக்கில் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்எஸ்-1 ஃபோர்க் வந்ததும் நிலைமை மாறியது. இன்றைய விலையுயர்ந்த ஃபோர்க்கில் காற்றழுத்தம் போக நான்கு திருகுகள் இருக்கின்றன: அமுங்கும் வேகத்துக்கு இரண்டு, மீளும் வேகத்துக்கு இரண்டு. பின் சக்கரத்துக்கான ஷாக்கிலும் இதே கதை. திருகுக்குப் பத்து கிளிக் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், முன்னும் பின்னும் சேர்த்துப் பத்துக் கோடி விதமாக வைக்கலாம். கிளிக் எண்ணுபவர் இவற்றில் ஒன்று மட்டுமே சரி என்று நம்புகிறார்.

முதல் வேலை அமிழ்வைப் பார்ப்பது. ஓட்டுபவர் ஏறி நின்றதும் அவர் எடைக்கே சஸ்பென்ஷன் கொஞ்சம் கீழிறங்க வேண்டும். சாதாரண மலைப்பாதைக்கு முன்னால் 15 முதல் 20 சதவீதம், பின்னால் 25 முதல் 30 சதவீதம். 160 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் 20 சதவீதம் என்றால் 32 மில்லிமீட்டர். ஃபோர்க் குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே சீல் வரை தள்ளிவிட்டு, பெடலில் ஏறி நின்று, குலுக்காமல் இறங்கி, வளையம் எங்கே நிற்கிறது என்று அளந்தால் போதும். ஹெல்மெட், முழங்கால் கவசம், தண்ணீர்ப் பை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு அளக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

சிக்கல் எடையில் ஆரம்பிக்கிறது. எத்தனை கிலோவுக்கு எவ்வளவு காற்று என்ற பட்டியலைப் பல ஃபோர்க்குகளின் காலிலேயே ஒட்டி அனுப்புகிறார்கள். அழுத்தத்தை அரை பி.எஸ்.ஐ. வரை எழுதிவைக்கும் மனிதர் எடைக்கு மட்டும் கல்யாணத்தின் போது இருந்ததையே எடுத்துக்கொள்கிறார். அதன்படி காற்றடித்தால் வளையம் 32க்குப் பதில் 41இல் போய் நிற்கிறது. வளையம் வழுக்கியிருக்கும் என்கிறார். மறுபடி ஏறி நிற்கிறார், இந்தத் தடவை வயிற்றை எக்கிக்கொண்டு. 41தான்.

அடுத்தது பம்ப். ஷாக் பம்பின் குழாயை வால்வில் திருகியதும் உள்ளேயிருக்கும் காற்றில் கொஞ்சம் குழாய்க்குள் வந்துவிடும். மீட்டர் முள் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். கழற்றும்போது ‘புஸ்’ என்று வரும் சத்தம் குழாயில் தங்கிய காற்றுடையது. ஃபோர்க்கிலிருந்து ஒன்றும் போவதில்லை. கிளிக் எண்ணுபவருக்கு இது மனப்பாடம். புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்து விளக்குவார். ஆனாலும் அந்தப் ‘புஸ்’ காதில் விழுந்தால் அவருக்கு மனசு கேட்காது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று மறுபடி குழாயைத் திருகுகிறார். முள் நான்கு பி.எஸ்.ஐ. குறைவாக நிற்கிறது. ‘பார்த்தீர்களா!’ என்கிறார். நான்கு அடிக்கிறார், கழற்றுகிறார், புஸ். இது எவ்வளவு நேரம் நீளும் என்பது உடன் வந்தவர்களின் பொறுமையைப் பொறுத்தது.

ரீபவுண்ட் எனப்படும் மீள்வேகம்தான் இவருடைய சொந்த ஊர். அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு சீக்கிரம் எழ வேண்டும் என்பதை எண்ணெய் செல்லும் துவாரத்தைச் சுருக்கியும் விரித்தும் இந்தத் திருகு தீர்மானிக்கிறது. வேகம் அதிகமானால் சைக்கிள் துள்ளி ஆளைத் தூக்கிப் போடும். குறைந்தால் ஒரு வேரில் அமுங்கியது எழுவதற்குள் அடுத்த வேர் வந்துவிடும்; நான்கைந்து வேர்களில் ஃபோர்க் படிப்படியாக உட்கார்ந்து கட்டையாகிவிடும். எடை கூடினால் காற்று கூடும், காற்று கூடினால் மீளும் உதையும் கூடும். ஆகவே திருகையும் கொஞ்சம் இறுக்க வேண்டும். பின் ஷாக்கைச் சோதிக்க நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்கினால் போதும். ஒரே ஒரு தடவை எழும்பி அடங்கினால் சரி. கிளிக் எண்ணுபவர் இதற்கென்று ஒரு விளிம்பைத் தேர்ந்து வைத்திருக்கிறார். அந்தத் தெருவாசிகள் அவரைக் கண்டால் நாயை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

இடத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று அவர் சொல்வதில் தவறே இல்லை. ஃப்ரோம் மலையின் ஈர வேர்களிலும் பாறைகளிலும் வேகம் குறைவு. அங்கே சற்று மென்மையாக, சுறுசுறுப்பாக மீளும்படி வைத்தால் டயர் தரையை விடாது. அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி விஸ்லரில் இருக்கும் ஏ-லைன் பாதை முழுக்கத் தாவல்கள். அங்கே ஃபோர்க் கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும், காற்றறைக்குள் ஒரு பிளாஸ்டிக் டோக்கனைக் கூடுதலாகப் போட்டு இடத்தைக் குறைத்தால் இறங்கும்போது அடி முட்டாது, மீள்வேகத்தையும் சற்று அடக்கினால் மேட்டின் நுனியில் உதைக்காது. எனவே அவருடைய குறிப்பு நோட்டில் ஃப்ரோமுக்கு ஒரு பக்கம், விஸ்லருக்கு ஒரு பக்கம். இரண்டிலும் மழைக்குத் தனி, வெயிலுக்குத் தனி. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் மீட்டரில் ஒன்றரை பி.எஸ்.ஐ. போல வித்தியாசம் வரும் என்று கணக்கிட்டு அதையும் ஓரத்தில் குறித்திருக்கிறார். இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. மாறினாலே சவாரியின் குணமே மாறிவிடும் பொருள் ஒன்று உண்டு; அது டயர். அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, ‘இருக்கு’ என்று விட்டுவிடுவார்.

இவ்வளவு உழைப்பும் யாருக்காக என்று கேட்டால்தான் விஷயம் புரியும். மலைச் சைக்கிள் உலகக் கோப்பை வீரர் ஒருவரின் அமைப்பை எங்கிருந்தோ கேட்டறிந்து, அதிலிருந்து இரண்டு கிளிக் தள்ளி வைத்திருக்கிறார். அந்த வீரர் பாறைகளுக்கு மேல் பறக்கிறவர். அந்த வேகத்துக்கு அவருக்கு விறைப்பு வேண்டும். இவர் அதே பாறையில் பிரேக்கைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி இறங்குகிறவர். மலையடிக்கு வந்து பார்த்தால் ரப்பர் வளையம் பாதித் தூரம்கூட நகர்ந்திருக்காது. சவாரியில் ஒரு தடவையாவது அது கடைசி முனையை நெருங்க வேண்டும். உள்ளங்கை மரத்துப் போனதற்கு, ஃபோர்க்கின் அசைவை அடக்கும் டேம்ப்பரில் குறை இருக்கிறது என்கிறார். கடனாக வாங்கிய சைக்கிளில், திருகு எந்தப் பக்கம் சுற்றும் என்றுகூடத் தெரியாமல் ஓட்டிய நண்பர், இவர் வருவதற்குள் கீழே சாப்பிட்டு முடித்திருப்பார். யாராவது இவருக்குத் தெரியாமல் இரண்டு கிளிக் மாற்றிவைத்தால் இவர் கண்டுபிடிப்பதில்லை. மாற்றாமலேயே மாற்றிவிட்டோம் என்று சொன்னால் உடனே தெரிந்துவிடுகிறது.

ஆனால் அடுத்தவர் சைக்கிள் என்றால் அவர் வேறு மனிதர். வாங்கிய நாளிலிருந்து எதையும் தொடாமல், ஒவ்வொரு கல்லிலும் கை அதிர்ந்து, இந்த விளையாட்டே வேண்டாம் என்று யோசிக்கும் புதியவர் அவரிடம் சிக்கினால் பிழைத்தார். உண்மையான எடையைக் கேட்கிறார், வேகத்தைக் கேட்கிறார், பாதையைக் கேட்கிறார். பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், அதே பாதையில் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார். தன் சைக்கிளில் மூன்று திருகுகளை ஒரே மூச்சில் மாற்றுகிறவர்தான் இதைச் சொல்கிறார்.

அவர் தொடாத வேலை ஒன்றுண்டு. ஐம்பது மணி நேரம் ஓடினால் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி, எண்ணெய் மாற்றி, சீலைச் சுத்தம் செய்ய வேண்டும். ஐம்பது மணி நேரத்தை எட்ட அவருக்கு இரண்டு பருவம் ஆகும். எட்டிய பிறகும் திறக்க மாட்டார். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த அமைப்பு கலைந்துவிடுமாம். சீல் காய்ந்து, சின்னக் கற்களுக்கு ஃபோர்க் அசைய மறுக்கிறது. அதற்குக் கம்ப்ரெஷன் எனப்படும் அமுங்கும் வேகத் திருகை இரண்டு கிளிக் தளர்த்துகிறார், அடுத்த வாரம் இன்னும் இரண்டு. இலையுதிர் காலத்துக்குள் தளர்த்துவதற்குக் கிளிக் மிச்சமில்லை. அந்த மாடலே சரியில்லை என்று தீர்ப்பாகிறது. புதிய மாடலுக்குப் பணம் கட்டிவிட்டு, பழையதை விற்பனைக்குப் போடுகிறார். விளம்பரத்தில் ‘மிகக் குறைவாக ஓட்டப்பட்டது, குறிப்பு நோட்டு இலவசம்’ என்று எழுதுகிறார். வாங்க வருகிறவர் ஃபோர்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டுப் போகிறார்.