தரையில் காது வைப்பவர்

"ஒரு பித்தளை டம்ளர் இருந்தால் கொண்டு வாருங்கள்" என்று வாசற்படியிலேயே குரல் கொடுத்துக்கொண்டு அவர் உள்ளே நுழைவார். நம் வீட்டு அஸ்திவாரத்தின் கீழே எங்கோ நீர் ஒழுகுகிறது என்ற இரகசியம் இவருக்கு எந்த வழியில் எட்டியது என்று நாம் வியந்து முடிப்பதற்குள், மேல்துண்டை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவே மண்டியிட்டுவிடுவார். ஓவர்சீயர் ஐயா என்று சில தெருக்களிலும், இஞ்சினீயர் தாத்தா என்று சில தெருக்களிலும் இவருக்குப் பெயர் வேறுபடுமே தவிர ஆசாமி ஒருவரேதான். குறிப்பிட்ட எவரையும் மனத்தில் வைத்து நான் இதை எழுதவில்லை என்பதை, எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டு மாடியில் பச்சைக் கதவுக்குப் பின்னால் வசிக்கும் பெரியவர் தயவுசெய்து நம்ப வேண்டும்.

எவர்சில்வர் டம்ளரை நீட்டினால் அதை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மோருக்கு ஆகும், காதுக்கு ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். பரணில் ஏறி, பாட்டி காலத்துப் பித்தளை டம்ளரைத் தேடி எடுத்து, புளி போட்டுத் தேய்த்து அவர் கையில் சமர்ப்பித்த பிறகே காரியம் ஆரம்பமாகும். டம்ளரின் வாய் தரையில் படியும், அதன் அடிப்பாகத்தில் அவருடைய வலக்காது படியும், கண்கள் மூடும், வலக்கை ஆள்காட்டி விரல் மெல்ல மேலே எழும்.

அந்த விரலைப் பற்றித்தான் நான் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். அது எழுந்த கணத்தில் கூடத்து மின்விசிறி நிறுத்தப்பட வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். விசிறி நின்றதும் விரல் இறங்குமா என்றால் இறங்காது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் அவர் செவியை உறுத்துகிறது என்பது அதற்கு அர்த்தம். அதையும் நிறுத்தினால் அடுப்பில் குக்கர்; குக்கரை இறக்கினால் பக்கத்து வீட்டு மோட்டார்; அதற்கு ஒரு தூதுவனை அனுப்பி, அவர்கள் மேல்தொட்டி நிரம்பும் வரை காத்திருந்து, அதுவும் அடங்கிய பிறகு, என் தகப்பனார் காலத்துச் சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தை நோக்கி விரல் இலேசாகச் சாயும். ஐம்பது வருஷமாக நிற்காமல் ஓடிய கடிகாரம் அது. அதையும் நானே என் கையால் பிடித்து நிறுத்தினேன். கொல்லைப்புற முருங்கை மரத்தில் ஒரு காகம் கரைந்தபோது விரல் அந்தத் திசைக்கும் திரும்பியது; என்ன செய்வது, என் மைத்துனன் எழுந்து போய்க் காகத்தை விரட்டிவிட்டு வந்தான். அந்த நிசப்தத்தில் குடும்பம் முழுவதும், ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கும் உறவினர்களைப்போல, மூச்சையும் அளந்து விட்டுக்கொண்டிருக்கும். எனக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷங்களில் எங்கள் வீடு ஒரு மணி நேரம் தொடர்ந்து மௌனமாக இருந்தது அன்று ஒரு நாள்தான் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை.

கடைசியில் கண்ணைத் திறப்பார். "ஓடுகிறது. தம்பி, நீங்களும் கேளுங்கள்!" நான் குப்புறப் படுத்துக் கேட்டேன். கேட்டது என் இதயத் துடிப்பு ஒன்றுதான். ஆயினும் அத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லும் துணிவு எந்தக் கிருகஸ்தனுக்கு வரும்? "கேட்கிறது" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் அறியாதவர் அல்லர். 1772-ஆம் வருஷத்து ஏழுகிணற்றில் ஆரம்பித்து, 1914-இல் வந்த கீழ்ப்பாக்கம் நீர் நிலையத்தைத் தொட்டு, 1944-இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கம் வரையில் சென்னைப் பட்டணம் தாகம் தீர்த்துக்கொண்ட சரித்திரத்தை அவர் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். வராகமிஹிரரின் பிருகத் சம்ஹிதையில் புற்றையும் மரத்தையும் பார்த்து நிலத்தடி நீரைக் கண்டுபிடிக்க வழி சொல்லியிருப்பதையும் நினைவூட்டுவார். வராகமிஹிரருடைய கவலை, நீர் வேண்டிய இடத்தில் அது கிடைக்கவில்லையே என்பது; நம்முடைய கவலையோ, வேண்டாத இடத்தில் அது வந்து நிற்கிறதே என்பது. இந்தச் சிறிய வித்தியாசத்தை நான் எடுத்துச் சொன்னபோது அவர் விரலை உயர்த்திவிட்டார்.

காது வைத்துக் கேட்கும் வித்தையும் வெறும் பாசாங்கு என்று சொல்வது பாவம். குழாய்ப் பராமரிப்பில் பழகியவர்கள் ஊர் உறங்கிய பிறகு, நள்ளிரவுக்குமேல், தெருவில் வண்டியும் வீட்டில் புழக்கமும் அடங்கிய வேளையில், ஒரு தடியின் நுனியைக் குழாயின்மேல் ஊன்றி மறுநுனியில் காதை வைத்துக் கசிவைக் கண்டுபிடிப்பது உண்டு. இரும்புக் குழாய் அந்தச் சீறலை வெகுதூரம் சுமந்து வரும். ஆனால் எங்கள் வீட்டுக் குழாய்களில் பாதி இரும்பு, பாதி பின்னாளில் மாற்றிய பிளாஸ்டிக். பிளாஸ்டிக் குழாயோ ஒலியைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடும். நேரமோ பகல் பதினொரு மணி. மேலும் அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவே தரைக்கடியில் நிரப்பிய மணலில் ஒழுகும் நீர், ஒழுகிய இடத்திலேயே தலைகாட்ட வேண்டும் என்ற நியதி கிடையாது. பள்ளம் பார்த்து மணலுக்குள் நடந்து சென்று, சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில் சுவரில் ஓதமாக ஏறி, சுண்ணாம்பை உப்பாகப் பூக்க வைக்கும். எங்கள் வீட்டில் அது பூத்தது பூஜையறை மூலையில்.

இனிமேல் நான் சொல்லப்போவதில் ஹாஸ்யம் எதுவும் இல்லை. அவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் மூன்று வட்டங்கள் போட்டார். முதல் வட்டத்தில் கொத்தனார் கடப்பாரையை இறக்கினார். உலர்ந்த மணல் வந்தது. இரண்டாவதில் ஈர மணல் வந்தது, குழாய் வரவில்லை. மூன்றாவதில் குழாய் வந்தது, அதில் ஓர் ஊசித்துளைகூட இல்லை. அந்தத் தரை, என் பாட்டனார் காலத்துக் காவித் தரை. கொத்தனார்கள் நாட்கணக்கில் உட்கார்ந்து இழைத்து, முகம் பார்க்கலாம் என்னும்படி மெருகேற்றிய தரை. இன்று அந்த நிறத்தில் ஒட்டுப்போட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தவர்கள் போட்ட மூன்று ஒட்டுகளும், நல்ல பட்டுப்புடவையில் கோணியைத் தைத்ததுபோல் இருக்கின்றன. ஒவ்வொரு நாள் காலையிலும் அவற்றைத் தாண்டித்தான் நான் காபி குடிக்கப் போகிறேன். "கேட்கிறது" என்று நான் சொன்ன பொய்க்கு ஓர் ஒட்டு நியாயம்தான். மற்ற இரண்டு யார் கணக்கில்?

பிறகு வந்த குழாய்க்காரப் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். டம்ளர் கேட்கவில்லை. இராத்திரி எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் நீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைக்கச் சொன்னான். விடிந்து பார்த்தால் ஒரு சாண் இறங்கியிருந்தது. ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு சாண் என்றால் நூற்றைம்பது லிட்டருக்குக் குறையாது. மறுநாள் இராத்திரி சமையலறைக்குப் போகும் கேட் வால்வை மட்டும் அடைக்கச் சொன்னான், அப்போதும் இறங்கியது. மூன்றாம் இராத்திரி குளியலறைப் பக்கத்து வால்வை அடைத்தோம், கோடு அசையவில்லை. "அண்ணே, உடைக்க வேண்டாம். பழைய லைனுக்கு ரெண்டு பக்கமும் டம்மி போட்டு மண்ணுக்குள்ளேயே விட்டுடலாம், புதுசை சுவரோரமாக் கொண்டுபோயிடலாம்" என்றான். அரை நாள் வேலை. பூஜையறைச் சுவர் சில மாதங்களில் உலர்ந்தது.

இதில் ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது. பழைய குழாய் தரைக்குள்ளேயே கிடப்பதால், அது எந்த இடத்தில் ஒழுகியது என்பதை எவரும் கண்ணால் பார்க்கவில்லை. பெரியவர் அதைப் பரிபூரணமாகப் பயன்படுத்திக்கொண்டார். "நான் வட்டம் போட்ட இடம்தானே?" என்று என்னைத் தெருவில் காணும்போதெல்லாம் கேட்கிறார். எந்த வட்டம் என்று ஒருநாள் கேட்டேன். சிறிது யோசித்து, "அதற்குப் பக்கத்தில்" என்றார். எழுபத்தெட்டு வயது, மகன்கள் இருவரும் வெளிநாட்டில், மாடியில் தனியாக இருக்கிறார். மறுத்துப் பேச நாவெழவில்லை.

பித்தளை டம்ளரை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர்கள் கூடத்தில், புதிதாகப் போட்ட வெள்ளைப் பளிங்குத் தரையில், எங்கள் டம்ளரின்மேல் காதை வைத்துக் கவிழ்ந்து கிடந்தார். சுற்றிலும் அந்தக் குடும்பம் வாய்பொத்தி நின்றது. அவருடைய வலக்கை விரல் மெல்ல மேலே எழுவதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்த்தபடியே, நான் என் வீட்டு மின்விசிறியை நிறுத்தியிருந்தேன்.